காலடிப்பேட்டை அச்சுக்கல்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ராயபுரத்தில் தேசப்பன் வீட்டு மாடிப்படியைப் பென்னி இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தான். கையில் நான்காக மடித்த ஒரு கடிதம்.

"சர்வேயர் சார், கேஸ் வந்துகீது. போலீஸ் கேஸ்."

"முதல்ல உட்காரு. மூச்சு வாங்கு. யார் கொடுத்தாங்க?"

"நீலமேகம்னு ஒர்த்தரு. டோல்கேட்டாண்ட என் ஆட்டோவ மறிச்சி, 'இத்த உங்க சாராண்ட சேத்துடு நைனா'ன்னு கையில திணிச்சிட்டாரு. மூஞ்சில ரத்தமே இல்ல."

தேசப்பன் முப்பத்திரண்டு வருடம் துறைமுகத்தில் சரக்கு ஆய்வு செய்தவர். கப்பலில் வந்த மூட்டை நனைந்திருந்தால், நனைத்தது கடல்நீரா மழைநீரா, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்வது அவர் தொழில். ஓய்வு பெற்ற பிறகும் சிக்கலில் மாட்டியவர்கள் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள். பென்னி கீழ்வீட்டுக்காரன். நாற்பத்தைந்து வயது. ஆட்டோ ஓட்டுவது பிழைப்பு. இவருடைய விசாரணைகளுக்குத் துணை போவது ருசி.

கடிதம் இப்படி இருந்தது:

"மதிப்பிற்குரிய ஐயா, நான் செங்கொடி. கண் ஆபரேஷன் ஆனதால் நான் சொல்லச் சொல்ல நீலமேகம் எழுதுகிறார். காலடிப்பேட்டையில், கல்லின் மேல் படம் வரைந்து அச்சடிக்கும் கல் அச்சுக்கூடம் வைத்திருக்கிறேன். காலித் பாயின் காகிதச் சரக்கு நனைந்தபோது நீங்கள் யாருக்கும் சாயாமல் தீர்ப்புச் சொன்னதை அருகில் நின்று பார்த்தவள். மணலி புதுநகரில் நான்கு வயதுக் குழந்தைக்குப் போலியான கலங்கரை மார்க் தைலத்தைத் தேய்த்து, வலிப்பு வந்து, குழந்தை ஒரு மாதமாக நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. அந்தப் போலி லேபிளை நான் அச்சடித்ததாகச் சொல்கிறார்கள். அதற்கான கல்லை வியாழக்கிழமை என் கூடத்திலேயே எடுத்தார்கள். அது என் கல். அதன் மேல் உள்ள படத்தை நான் வரையவில்லை. திங்கட்கிழமை என்னைக் கைது செய்வார்கள். அதுவரை வெளியே போகக்கூடாது என்று வாசலில் காவலரை நிறுத்தியிருக்கிறார்கள். நான் வர முடியாது. நீங்கள்தான் வர வேண்டும்."

தேசப்பன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "வண்டியை எடு" என்றார்.

அச்சுக்கூடம் ஒரே அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பின்வாசல் கிடையாது. பின்சுவரை ஒட்டி ஒரு மரத்தடுப்பு. அதற்கு அப்பால் செங்கொடியின் கட்டிலும் அடுப்பும். முன்பக்கம் இருந்த ஒரே ஷட்டரைப் போலீஸ் உத்தரவுப்படி இடுப்பளவுக்குத்தான் தூக்கி வைத்திருந்தார்கள். உள்ளே போகிறவர் குனிந்து போக வேண்டும். குனிந்து நுழைந்ததும் மை வாடையும் அனலும் ஒன்றாக முகத்தில் அடித்தன. நடுவில் கைச்சக்கரம் வைத்த அச்சு எந்திரம். இருபுறமும் மர அடுக்குகளில், நாலு விரல் தடிமனில், சாம்பல் நிறக் கற்கள். ஒரு மூலையில் சாக்கு போர்த்தி அரக்கு முத்திரை வைத்த கல் தனியாகக் கிடந்தது. நாற்பது கிலோக் கல்லை உடையாமல் கொண்டுபோக ஆள் போதாமல் போலீஸார் அதை இங்கேயே சீல் வைத்துவிட்டார்கள்.

செங்கொடிக்கு ஐம்பத்து நான்கு வயது. முக்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

"கண்புரை ஆபரேஷன் சார். மூணு வாரம் ஆச்சு. புதுக் கண்ணாடி அடுத்த வாரம்தான். தூரத்துல ஆள் தெரியுது, கிட்டத்துல எல்லாம் கலங்கலு. அந்தக் கல்லுல இன்னா கீதுன்னு நான் இன்னும் பாக்கல. பாக்கவும் விடல."

"உங்க தொழிலைப் பத்திச் சொல்லுங்க. முதல்லேருந்து."

"வியாசர்பாடியில பொறந்தேன். பதினெட்டு வயசுல ராயபுரத்துல ஒரு ஆப்செட் பிரஸ்ல ஓவியர் வேலை. அப்பளக் கட்டு, ஊதுபத்தி, மாட்டுத் தீவன மூட்டை, மாதா கோயில் திருவிழா நோட்டீஸ், எல்லாத்துக்கும் படம் என்னுது. பேருதான் எங்கியும் இருக்காது. கலங்கரைத் தைலம் லேபிளும் நான் வரைஞ்சதுதான், இருபத்திரெண்டு வருசம் முன்ன. வெளக்குக்குக் கீழ தாயும் புள்ளையும். அப்பறம் கம்ப்யூட்டர் வந்துச்சு, ஓவியருங்கள வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. மூடிக்கிடந்த ஒரு பிரஸ்லேருந்து இந்த எந்திரத்தையும் கல்லுங்களையும் வாங்கினேன். தானா கத்துக்கினேன். இப்ப காபிக் கம்பெனி, சோப்புக் கம்பெனி எல்லாம் ஆறு மாசம் காத்துக்கினு கீறாங்க." அவர் சற்று நிறுத்தினார். "போன வருசம் ஒரு பேப்பர்ல பேட்டி குடுத்தேன். இந்த ஊர்ல கல்லுல லேபிள் போடத் தெரிஞ்சவ நான் ஒர்த்திதான்னு. எஸ்.ஐ. அம்மா அந்தப் பேப்பரத்தான் எடுத்து மூஞ்சிக்கு நேரா காட்டினாங்க. வேற யாரு செய்ய முடியும்னு கேட்டாங்க."

"வியாழக்கிழமை என்ன நடந்தது?"

"யாரோ போன்ல துப்புக் குடுத்துகீறாங்க. நேரா வந்து கீழ் அடுக்குல கையை வச்சாங்க. சாக்க நீக்கி, டார்ச் அடிச்சி, எழுதறவருக்கு எஸ்.ஐ. அம்மா கடகடன்னு சொல்லிக்கினே போனாங்க. 'கலங்கரை மார்க் தைலம், குழந்தைகளுக்கும் உகந்தது'ன்னு. அதுக்கு மேல என் காதுல எதுவும் ஏறல. புள்ளைக்கு நாலு வயசுன்னு சொன்னது மட்டும்தான் ஏறிச்சு."

ஆபரேஷனுக்காக அவர் வியாசர்பாடியில் பிறந்த வீட்டில் தங்கியிருந்த வாரம் கூடத்தின் சாவி மூன்று பேரிடம் கை மாறியிருந்தது. ஒருவர் நீலமேகம், பன்னிரண்டு வருடமாக இங்கே சக்கரம் சுற்றுகிறவர். அடுத்தவர் காலித், காகித வியாபாரி. அவருடைய தகப்பனார் பழைய கல் அச்சகம் ஒன்றில் கல் தேய்த்தவர், காலித்தும் சிறுவயதில் தேய்த்திருக்கிறார். மூன்றாமவர் வெற்றி. திருவொற்றியூரில் ஆப்செட் பிரஸ் முதலாளி. ராயபுரத்தில் செங்கொடிக்கு அடுத்த மேசையில் பதினோரு வருடம் ஓவியராக உட்கார்ந்தவர். நீலமேகம் சொந்தக்காரர் கல்யாணத்துக்காகப் பொன்னேரி போனபோது, காகிதம் இறக்க இரண்டு நாள் காலித்திடமும், இரண்டு நாள், தன் பிரஸ் சரக்கை வைக்க இடம் கேட்ட வெற்றியிடமும் சாவி இருந்தது.

அந்த நேரத்தில் வெற்றியே வந்தார். வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் காவலரின் நோட்டில் பெயரும் நேரமும் எழுத வேண்டும். வெற்றி முதுகைக் காட்டி நின்று எழுதினார்.

"நோட்ட நேரா வச்சி எழுதக்கூடாதா சார்? குறுக்கால திருப்பி எழுதி, அடுத்தாளு கோடெல்லாம் மாறிப் பூடுது" என்று காவலர் முணுமுணுத்தார்.

வெற்றி சிரித்துக்கொண்டே குனிந்து உள்ளே வந்து, வலது கையால் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தைச் செங்கொடியிடம் கொடுத்தார்.

"சாப்டியா செங்கொடி? வக்கீலாண்ட பேசிட்டேன். நீ பேசாம ஒத்துக்கிட்டு ஒரு கையெழுத்துப் போட்டுட்டா தண்டனை கொறையும்ன்றாரு."

"வரையாதத எப்டி வரைஞ்சேன்னு சொல்றது வெற்றி?"

"உன் நல்லதுக்குச் சொல்றேன். வேற வழி இருந்தா நீயே சொல்லு."

செங்கொடி பழங்களைத் தொடவில்லை. பழப்பை மடியிலேயே இருந்தது.

மதியம் சப் இன்ஸ்பெக்டர் ஷைனி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், தூங்காத கண்கள். பிடிபட்ட போலிச் சீசா ஒன்று அவரிடம் இருந்தது. தேசப்பன் பூதக்கண்ணாடியை வைத்து அதன் லேபிளை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஷைனியோடு வெளியே போய்ப் பேசினார்; காவலரின் நோட்டையும் புரட்டிப் பார்த்தார். திரும்பி வந்து செங்கொடியிடம் தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி கேட்டார். பென்னியிடம், "நாளைக்கு மதியம் மூணு பேரையும் வரச் சொல்லியிருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

வண்டியில் பென்னிக்குப் பொறுக்கவில்லை. "சார், நீலமேகம்தான? பன்னெண்டு வருசம் சக்கரம் சுத்தினவன், காண்டு இருக்கும்ல?"

"காண்டு இருக்கறவன் கடிதம் கொண்டு வந்து கொடுப்பானா?"

"அப்ப பாய்?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

ஞாயிற்றுக்கிழமை மதியம். மாதா கோயில் பூசை முடிந்து தெரு அடங்கிய நேரம். அறையில் ஒன்பது பேர். ஷைனி ஷட்டரை முழுவதும் இறக்கச் சொன்னார். கூட்டம் கூடிவிடக்கூடாது என்றார். ஒரே மின்விசிறி அனலைக் கலக்கிக்கொண்டிருந்தது. செங்கொடி அதே முக்காலியில். எதிரே பெஞ்சில் நீலமேகம், காலித், வெற்றி. காவலர் ஒருவர் கேமராவோடு, மற்றவர் ஷட்டர் பக்கத்தில்.

தேசப்பன் சீசாவை எடுத்து மேசையில் வைத்தார்.

"முதல் விஷயம். கல்லுல வரைஞ்சு அச்சடிச்சா படத்துல சாக்பீஸ் போட்ட மாதிரி சொரசொரப்பு இருக்கும். புள்ளி ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. இந்த லேபிள்ல வரிசை வரிசையா, அளவெடுத்த மாதிரி புள்ளி. இது பழைய லேபிளைப் படம் பிடிச்சு ஆப்செட்ல அடிச்சது. இந்தக் கல்லுல அடிச்சது இல்லை."

"அப்ப கல்லு எதுக்கு சார் இங்க இருக்கு?" என்றார் ஷைனி. "இதுல அடிச்சுப் பாத்துட்டு அப்பறம் ஆப்செட்டுக்குப் போயிருக்கலாமே."

"இதுல யாராலயும் அடிச்சுப் பார்த்திருக்க முடியாதும்மா. வியாழக்கிழமை நீங்க இதைப் படிச்சீங்களே, எழுத்துக் கூட்டிப் படிச்சீங்களா?"

"இல்லையே. சாதாரணமாத்தான் படிச்சேன்."

முக்காலியில் இருந்த செங்கொடி நிமிர்ந்தார். "நேராவா இருந்துச்சு?"

"நேரா இருந்தது" என்றார் தேசப்பன். "வியாழக்கிழமை எடுத்த போட்டோவை எஸ்.ஐ. அம்மா நேத்து எனக்குக் காட்டினாங்க. நீலமேகம், கல்லுல எழுத்து எப்படி இருக்கணும்?"

"கண்ணாடில பாக்கற மாரி சார். இடம் வலம் மாறி. அப்பத்தான் காகிதத்துல நேரா வுழும். மொத நாளே அக்கா அதத்தான் சொல்லிக் குடுத்துச்சு."

"காலித் பாய்?"

"எங்க வாப்பா தமிழை வலப்பக்கத்துலேருந்துதான் படிப்பார், தேசப்பன். கல்லைப் பார்த்துப் பார்த்து அப்படியே பழகிட்டார்." காலித் சிரிக்காமல் சொன்னார். "இந்தக் கல்லுல ஓட்டினா லேபிள் இடம் வலம் மாறி வரும். யாரும் வாங்க மாட்டான்."

பென்னி இடையில் புகுந்தான். "சார், ஒரு டவுட்டு. வெவரம் தெரிஞ்சவனே, வோணும்னே நேரா எழுதிக்கினு இருந்தா?"

"நல்ல கேள்வி. இந்தம்மாவை மாட்டிவிடத்தான் இந்தக் கல்லை வரைஞ்சான். விவரம் தெரிஞ்சவன் அதுல அவங்களைக் காப்பாத்தற தப்பை ஏன் வேணும்னே வைக்கணும்? தெரியாமத்தான் வச்சான். ஆப்செட்ல தகட்டுலேருந்து ரப்பருக்கு, ரப்பர்லேருந்து காகிதத்துக்குன்னு படம் ரெண்டு தடவை மாறும். அதனால தகட்டுல எழுத்து நேராவே இருக்கும். முப்பது வருஷம் தகட்டையே பார்த்தவனுக்கு அச்சுன்னா அதுதான். ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்த சின்னப் பிள்ளைகூடத் திருப்பி எழுதணும்னு யோசிக்கும். அவன் யோசிக்கல."

எல்லோரும் வெற்றியைப் பார்த்தார்கள். வெற்றி கைகளைக் கட்டிக்கொண்டார்.

"நல்லாக்கீது சார் கதை. ஆப்செட் பிரஸ்ஸுல வேலை பாத்தவன் வடசென்னையில ஆயிரம் பேரு. இது ஒரு சாட்சியா?"

"இல்லை" என்றார் தேசப்பன். "சாட்சி கல்லுல இருக்கு. இன்னும் கண்ணுக்குத் தெரியல."

அவர் செங்கொடியின் பக்கம் திரும்பினார். "நேத்து நான் கேட்டதை இப்ப எல்லார் முன்னாடியும் கேக்கறேன். கல்லுல மை ஏத்தலாமா? ஈரம் காய்ஞ்ச இடத்துல உருளை பட்டா கல் பூராவும் கறுத்துடும். அப்புறம் படமும் போச்சு, உங்களுக்குச் சாதகமான எழுத்தும் போச்சு. சாட்சியை அழிச்சதாவும் உங்க மேலதான் வரும்."

"ஏத்துங்க" என்றார் செங்கொடி.

ஷைனி முத்திரையை உடைத்துச் சாக்கை நீக்கினார். எழுத்தைப் பல கோணத்தில் படம் எடுக்கச் சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவரோ சந்தேகத்துக்கு உரியவர்களோ கல்லைத் தொடக்கூடாது. ஆகவே பஞ்சு ஷைனியின் கையிலும், தோல் சுற்றிய மை உருளை பென்னியின் கையிலும் போயிற்று. செங்கொடி எட்ட இருந்தபடியே சொல்லிக்கொண்டு வந்தார்.

"மொதல்ல கோந்துத் தண்ணி. மெலிசா. காயட்டும். இப்பத் தண்ணி வச்சிக் கழுவுங்கம்மா. இப்ப ஈரம் ஒரே சீரா இருக்கா? சாஞ்சி பாத்தா பளபளன்னு தெரியணும். பென்னி, உருட்டு. அழுத்தாத. மாவா பிசையிற? கை தளர்வா."

"யக்கா, நான் பிரேக்கு புடிச்ச கை."

"பேசாத உருட்டு. ஓரம் காயுது, அம்மா தண்ணி."

உருளை ஆறேழு முறை போய் வந்தது. எண்ணெய்ப் பசை உள்ள இடம் மையைப் பிடிக்கும். ஈரமான வெறுங்கல் தள்ளும். இதுதான் இந்தத் தொழில் முழுவதும். முதலில் கலங்கரை விளக்கு கறுத்தது. பிறகு தாயும் குழந்தையும். பிறகு நான்கு வரி எழுத்து. வலப்பக்க ஓரம் வெள்ளையாகவே நின்றது. இடப்பக்க ஓரத்தில், வெறுமையாக இருந்த இடத்தில், மங்கலாக ஏதோ எழும்பியது. இன்னும் இரண்டு முறை உருளை போனது. ஒன்றன் கீழ் ஒன்றாக நான்கு தடங்கள். உள்ளங்கையின் அடிப்பாகமும் சுண்டுவிரல் பக்கமும். ரேகைகள் கோடு கோடாகத் தெரிந்தன.

பென்னி உருளையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டான். "கைய்யி" என்றான் மெதுவாக.

"கல்லுல வரையறவங்க கையைக் கல் மேல வைக்க மாட்டாங்க" என்றார் தேசப்பன். "அதோ தொங்குதே, ரெண்டு முனையிலயும் கட்டை வச்ச பலகை, அதைக் குறுக்கே போட்டு அது மேலதான் கை. தோல்ல இருக்கற பசை போதும், கல் பிடிச்சுக்கும். காகிதத்துல வரைஞ்சு பழகினவனுக்கு அது தெரியாது. கையை ஊன்றி எழுதியிருக்கான். வரி ஆரம்பிக்கும்போது இடப்பக்க ஓரத்துல ஊன்றியிருக்கான். நாலு வரி, நாலு தடம். வலக்கைக்காரன் அந்த ஓரத்தைத் தொடவே மாட்டான்; அவன் கை எழுத்துக்கு வலப்பக்கம் இருக்கும். இது இடக்கைக்காரன் எழுதினது."

"எனக்குச் சோறும் வலது கை, கொடுக்கல் வாங்கலும் வலது கை" என்றார் வெற்றி. குரல் சற்று ஏறியிருந்தது. "யார வோணா கேளுங்க."

"எழுதறது?"

ஷைனி காவலரின் நோட்டை எடுத்துப் புரட்டினார். சனிக்கிழமைப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் மற்ற வரிகளுக்குக் குறுக்கே சாய்ந்து ஓடியது.

"இடக்கைக்காரங்க பலரும் தாளைச் சாய்ச்சு வச்சுப்பாங்க" என்றார் தேசப்பன். "நேத்து நான் இந்தப் பக்கத்தைப் பார்த்துட்டுத்தான் மை ஏத்தச் சம்மதம் கேட்டேன்."

"சரி, இருக்கட்டும். சரக்கு வைக்க வந்தப்ப இந்தக் கல்ல நகத்தி வச்சேன். அப்ப பட்டிருக்கும்."

"நகர்த்தினவன் விளிம்பைப் பிடிப்பான். பிடிச்சாலும் ஒரு தடம், ரெண்டு தடம். வரிக்கு ஒண்ணா, வரியோட நேருக்கு நேரா நாலு தடம் விழாது வெற்றி. மிச்சத்தை ரேகைப் பிரிவு சொல்லிடும்."

செங்கொடி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். தடங்கள் அவருக்குக் கலங்கலாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அவர் கல்லைப் பார்க்கவில்லை.

"பதினோரு வருசம் உன் முழங்கை என் மேசைய இடிச்சிக்கினே இருக்கும்" என்றார். "தள்ளி ஒக்காரு தள்ளி ஒக்காருன்னு தெனம் சண்டை. யாரு வரைஞ்சிருப்பான்னு மூணு நாளா ரோசனை பண்ணேன். உன்ன மட்டும் நெனைக்கல."

வெற்றி தரையைப் பார்த்தார். "ஆர்டர் குடுத்தவன் யாருன்னே தெரியாது. பிரஸ்ஸ மூடற நெலம. வெறும் லேபிள்தானன்னு அடிச்சிக் குடுத்தேன். புள்ள விழுந்ததும் பிரஸ் பிரஸ்ஸா விசாரிக்க ஆரம்பிச்சாங்க. பேட்டில உன் பேரு இருந்துச்சு. சாவி கையில இருந்துச்சு. கல்லுல வரைஞ்சி வச்சதும் போன் பண்ணதும் நான்தான்." பிறகு, யாரும் கேட்காமலே, "உனக்குப் பெரிய பேரு செங்கொடி. வுட்டுடுவாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"கையெழுத்துப் போடச் சொன்னியே" என்றார் செங்கொடி.

ஷைனி எழுந்தார். "லேபிள் வாங்கினவன் போன் நம்பர் இருக்குமில்ல? ஸ்டேஷன்ல பேசலாம், வாங்க." ஷட்டரை உயர்த்தினார்கள். வெளிச்சம் உள்ளே விழுந்தது. கல்லை இந்த முறை நான்கு பேர் சேர்ந்து தூக்கிப் போனார்கள். போகும்போது ஷைனி திரும்பினார். "அம்மா, கல் அச்சு பத்திக் கோர்ட்டுல நீங்கதான் விளக்கிச் சொல்லணும். நாலஞ்சு வருஷம் வாய்தா இழுக்கும். வெளியூர் போனா சொல்லிட்டுப் போங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "குழந்தை இன்னிக்குக் காலைல கண்ணைத் திறந்திருச்சாம்" என்றார்.

செங்கொடி சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினார். நீலமேகத்திடம் கூடத்தைப் பூட்டச் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

"வியாசர்பாடிக்கா யக்கா?" என்றான் பென்னி.

"ஆஸ்பத்திரிக்குப் போ."

கொஞ்ச தூரம் போனதும் பென்னியால் அடக்க முடியவில்லை. "சார், தடம் வரும்னு உங்களுக்குக் கரீக்டா தெரியுமா?"

"தெரியாது. கைக்கடியில ஒரு துண்டுக் காகிதம் வச்சிருந்தான்னா ஒண்ணுமே வந்திருக்காது."

பென்னி கண்ணாடியில் செங்கொடியைப் பார்த்தான். "உங்களுக்குப் பயமே இல்லியா?"

"இருந்துச்சு. நீ உருளை புடிச்ச லட்சணத்தப் பாத்ததும் உசுரே பூடுச்சு."

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றது. செங்கொடி உடனே இறங்கவில்லை.

"நான் எந்தத் தப்பும் பண்ணல சார். ஆனா புள்ளையப் பெத்த அந்தப் பொண்ணு கடையில நின்னு, தாயும் புள்ளையும் போட்ட படத்தப் பாத்துத்தான் சீசாவ எடுத்திருக்கா. பாத்தா நம்பற மாரி வரையணும்னுதான் ராப்பகலா ஒக்காந்து வரைஞ்சேன்."

தேசப்பன் கூட இறங்கப் போனார். செங்கொடி கையால் தடுத்தார்.

"நீங்க வராதீங்க. அவங்க இன்னா சொன்னாலும் நான் மட்டும் கேட்டுக்கறேன்."

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, படியைக் காலால் தடவிப் பார்த்து, அவர் உள்ளே போனார்.